சாவி யார் கையில்? நெல்லைச் சீமையில் சங்கப் பணத்தின் கதை



ஒரு நினைவுச் சொற்பொழிவுக்கு வரவு செலவுக் கணக்கையா தலைப்பாக எடுப்பது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போராட்டத்தைப் பற்றிப் பேசுவோம், இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோம், சந்தா, ரசீதுப் புத்தகம், வங்கி இருப்பு என்று வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஏதோ கூச்சம். ஆனால் நம் ஊர்களில் நல்ல மன்றங்கள் உடைந்துபோன கதைகளைக் கேட்டுப் பாருங்கள். கொள்கைச் சண்டை என்று தொடங்கும், கடைசியில் ஒரு ரசீதுப் புத்தகத்தில் போய் நிற்கும். அதனால் இன்று பணத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஏழைகள் கூடி ஒரு சங்கம் வைத்தால் அதற்குக் கைமுதல் எங்கிருந்து வரும், வந்தால் எப்படித் தங்கும், தங்கினால் அதன் சாவி யாரிடம் இருக்கும்? இந்த மூன்றாவது கேள்வியில்தான் நம் வரலாறு சிக்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் பேச நாசரேத் நல்ல இடம். இந்த ஊர் இரண்டு நிலங்களுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே தாமிரபரணிப் பாசனம், ஆழ்வார்திருநகரி, கடம்பாகுளம், நெல் வயல், வாழைத்தோட்டம். தெற்கே போனால் சிவந்த தேரி மணல், பனங்காடு, உடைமரம். வயல் பக்கத்தில் உழைத்தவனுக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது. தேரிப் பக்கத்தில் பனை ஏறியவன் கருப்பட்டி காய்ச்சிச் சந்தையில் விற்றான். நெல் கூலியைத் தின்னத்தான் முடியும், பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. கருப்பட்டி, பருவம் கழிந்தாலும், கையில் கொஞ்சம் காசைத் தரும். அந்தப் பனையேறியும் கடனில்தான் கிடந்தான், அது வேறு. இருந்தாலும் சங்கம் வைப்பதற்கு வேண்டிய முதல் காசு எந்தப் பக்கத்தில் பிறந்திருக்கும் என்பதை இந்த நிலத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தச் சீமையில் ஏழைகள் பேரில் நடந்த பழைய நிதிகளில் ஒன்று தர்ம சங்கம். 1830இல் பாளையங்கோட்டையில் ரேனியஸ் தொடங்கியது. ஜெர்மன்காரர், சர்ச் மிஷன் சங்கத்தின் ஊழியர், 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்தவர். நாசரேத்தும் முதலூரும் அவருடைய சங்கத்தைச் சேர்ந்தவை அல்ல, வேறொரு மிஷனின் ஊர்கள். ஆனால் எல்லோருக்கும் இருந்த சிக்கல் ஒன்றுதான். மதம் மாறிய குடும்பத்தின் குடிசை நின்ற மனை நிலக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போனால் திங்கட்கிழமை மனையைக் காலி செய்யச் சொல்லலாம். கிணற்றை மூடலாம், பாதையை மறிக்கலாம், பொய் வழக்குப் போடலாம். வேதம் படித்துக் கொடுத்தால் மட்டும் போதாது, நிற்க ஒரு கோல் மண் வேண்டும் என்பது அனுபவத்தில் புரிந்தது. முதலூரே அப்படிப் பிறந்ததுதான். 1799இல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துரத்தப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றினார். அதற்குப் பணம் கொடுத்தது பாளையங்கோட்டையிலிருந்த ஒரு ஆங்கிலேயப் படை அதிகாரி.

தர்ம சங்கம் இந்த ஏற்பாட்டை ஒரு படி மேலே கொண்டுபோனது. வெள்ளைக்கார அதிகாரியின் இரக்கத்துக்குக் காத்திராமல், உபதேசிமாரும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சபையாரும் காசு போட்டுப் பொதுவில் ஒரு நிதி சேர்ப்பது, அதைக்கொண்டு நிலமும் வீடும் வாங்குவது, துரத்தப்பட்ட குடும்பங்களை அங்கே குடிவைப்பது. வெளி நன்கொடையும் சேர்ந்தது, மறுக்கவில்லை. டோனாவூர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிரஷ்யாவின் டோனா பிரபு என்பவர் அனுப்பிய பணத்திலிருந்து. நம் வாயில் தமிழ்ப் பெயர்போலவே புரள்கிற ஊர்ப்பெயருக்குள் ஒரு ஜெர்மன் நன்கொடையாளர் உட்கார்ந்திருக்கிறார்!

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு சிறு சங்கம் தன் சேமிப்பை எந்த உருவில் வைத்திருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் கேட்கப்படும் கேள்வி. ரொக்கமாகவா, வங்கியிலா, நிலமாகவா, பாத்திரம் பந்தல் நாற்காலியாகவா? தர்ம சங்கம் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனமான முடிவு என்றே நினைக்கிறேன். ரொக்கம் பஞ்சத்தில் கரையும், திருட்டில் போகும், பொருளாளரோடு சேர்ந்து காணாமல் போகும். நிலத்தை யாரும் மடியில் கட்டிக்கொண்டு ஓட முடியாது. அதோடு நிலம் வாங்குவது சேமிப்பாகவும் இருந்தது, சங்கத்தின் நோக்கமாகவும் இருந்தது. சேமித்த காசு சும்மா கிடக்கவில்லை, அதன்மேல் ஆட்கள் குடியிருந்தார்கள்.

ஆனால் நிலத்துக்குப் பத்திரம் உண்டு, பத்திரத்தில் ஒரு பெயர் உண்டு. 1835இல் ரேனியஸை அவருடைய மிஷன் வேலையிலிருந்து நீக்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளை அவர் எழுத்தில் விமர்சித்தார் என்பது காரணம். உபதேசிமாரில் பலர் அவரைத் திரும்ப அழைத்தார்கள், அவரும் வந்தார். சபை இரண்டாகப் பிளந்தது. 1838 ஜூன் 5ஆம் தேதி அவர் இறக்கும்வரை அந்தப் பிளவு நீடித்தது. பிளவு என்றால் என்ன? இந்தக் கோயில் யாருடையது, இந்தப் பள்ளிக்கூடம் யாருடையது, இந்த மனை யாருடையது. காசு போட்ட சபையாருடையதா, ஓலை எழுதிய ஐயருடையதா, லண்டனில் இருக்கும் சங்கத்துடையதா? எல்லோரும் சேர்ந்து காசு போட்டபோது யாருக்கும் தோன்றாத கேள்வி, பிரிந்த மறுநாளே ஊர் ஊராகக் கேட்கப்பட்டது. இன்றைக்கு நம் மன்றங்களுக்குச் சட்டவிதி எழுதுகிறவர்கள், சங்கம் கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரிவைக் கடைசியில் ஏனோதானோ என்று எழுதிவைக்கிறார்கள். முதலில் எழுத வேண்டிய பிரிவு அது.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. ரேனியஸ் தன் பாளையங்கோட்டைப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அதை மறுத்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் தயங்கவில்லை. அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கேட்கலாம். நெல்லைச் சபைகளில் பெரும்பான்மை நாடார்கள். அன்றைக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட மக்கள்தான் அவர்களும். பள்ளரும் பறையரும் அந்தச் சபைகளில் சிறுபான்மை. புதிய ஊரில் பொது நிதியில் வாங்கிய மனை, பெரும்பான்மையின் தெருவாக ஆனபோது சிறுபான்மைக்கு எந்த ஓரம் கிடைத்தது? ஒடுக்கப்பட்டோர் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்பது, நிதி பங்கிடும்போதுதான் தெரியவரும்.

சபைகளின் சேமிப்பு முறைகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு, காணிக்கை ஏலம். பண்டிகையன்று ரூபாய் இல்லாதவர் கோழி கொண்டுவருவார், தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டி கொண்டுவருவார். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஒரு தேங்காய் சந்தை விலையைப்போலப் பத்து மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடியும் ஏலம். விளையாட்டுபோலத் தெரியும். உண்மையில் காசில்லாதவனின் பொருளைக் காசாக மாற்றுகிற இயந்திரம் அது. கொடுத்தவனுக்கு மானம் போகவில்லை, சங்கத்துக்கு ரொக்கம் வந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவர்கள் தங்கள் பிடியில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கியதும் இதே முறைதான். 1806இல் பனிமய மாதாவுக்கு முதன்முதலாகத் தங்கத்தேர் ஓடியது என்றால், அதற்குப் பின்னால் கடலிலிருந்து துளித்துளியாக ஒதுக்கிய பங்குகள் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது மகமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள், ஒவ்வொரு சரக்கு விற்பனையிலும் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு எடுத்துவைத்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு. நன்கொடை கேட்டு யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. வியாபாரம் நடக்கிறவரை நிதி தானாக வளரும். வீடுகளில் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டார்கள். 1889இல் விருதுபட்டியில் சத்திரிய வித்யாசாலை எழுந்தது இப்படித்தான். காமராஜர் படித்த பள்ளி அது. 1910இல் மகாஜன சங்கம், 1921இல் நம் தூத்துக்குடியில் நாடார் வங்கி. இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்ற பெயரில் இருப்பது அதுதான், 1962இல் பெயர் மாறியது. மூட்டைக்குச் சில்லறை என்று தொடங்கியது வங்கியாக முடிந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் சொந்தக் காசில் எழுந்துநின்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழகத்தில் குறைவு.

இதைக் காட்டித்தான் நம்மிடம் கேட்கிறார்கள், அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை? மேடைகளில்கூடக் கேட்கிறார்கள். பதில் கணக்கில் இருக்கிறது. மகமை என்பது விற்பனையின்மேல் விழுகிற பங்கு. விற்க ஒன்றுமில்லாதவனுக்கு மகமை கிடையாது. பண்ணையாளுக்கு நெல்லாகக் கூலி, அதிலும் முன்பே வாங்கிய கடனுக்குக் கழிவு. அவன் கடை வைத்தால் வாங்க வருவோர் யார்? தண்ணீர்ப் பானையைத் தொட்டால் தீட்டு என்கிற ஊரில் அவன் விற்கிற எண்ணெயை யார் வாங்குவார்கள்? தீண்டாமை ஒரு சமூக இழிவு மட்டுமா? அது சந்தையிலிருந்து விலக்கிவைக்கும் ஏற்பாடு, ஆகவே சேமிப்பிலிருந்தும் விலக்கிவைக்கும் ஏற்பாடு. பிடி அரிசியைக்கூட, பானையில் போட இரண்டு பிடி இருக்கிறவர்தான் ஒரு பிடி எடுத்துவைக்க முடியும்.

அப்படியானால் நம்மவர்களின் முதல் சங்கங்கள் எங்கே தோன்றின என்று பாருங்கள். தஞ்சை வயல்களிலா? தாமிரபரணி வயல்களிலா? இல்லை. சென்னைப் பட்டணத்தில், பட்லர்களும் ரயில்வே ஊழியர்களும் பட்டாளத்துக்காரர்களும் இருந்த இடத்தில். கோலார் தங்கவயலில். பெங்களூர், செகந்திராபாத் பாளையங்களில். பர்மாவில், நேட்டாலில். எங்கே மாதச் சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வந்ததோ அங்கேதான் சந்தா பிறந்தது. சந்தா பிறந்த இடத்தில் பத்திரிகை பிறந்தது.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கியதைத் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கணக்கோடு சொல்கிறார். நான்கு பக்கம், விலை இரண்டணா, விளம்பரம் உட்படச் செலவு பத்து ரூபாய், இரண்டு நாளில் சென்னையில் ஏறக்குறைய நானூறு பிரதிகள் விற்றன. நானூறு இரண்டணா என்றால் ஐம்பது ரூபாய். எந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்ல மற்றவர்கள் முகம் சுளித்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் தாங்கிய ஏட்டுக்கு இரண்டணா கொடுக்கக்கூடிய ஆட்கள் பட்டணத்தில் இருந்தார்கள். அந்த ஏடு 1900 வரை நடந்தது.

பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19இல் தொடங்கிய இதழுக்குப் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயராக வைத்த இதழ்! ஒரு ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா இருந்த காலம். ஆயிரம் பிரதி முழுதும் விற்றாலும் பதினைந்து ரூபாய் பத்தணாதான் வரும், அதில் தாள் வேண்டும், மை வேண்டும், அச்சுக்கோப்பவருக்குக் கூலி வேண்டும், தபால் செலவு வேண்டும். விலையைக் கொண்டு மட்டும் அந்த இதழ் பிழைத்திருக்க முடியாது. அது பிழைத்தது கோலார் தங்கவயல் போன்ற இடங்களின் உழைப்பாளிகள் தாங்கிப் பிடித்ததால். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தபிறகு இதழைத் திரும்பக் கொண்டுவந்ததும் தங்கவயல்காரர்கள்தான். பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்களின் சம்பளத்திலிருந்து தமிழகத்தின் மிக ஆழமான சிந்தனைகளில் ஒன்று அச்சேறியது. இந்த வரவை எந்தத் தணிக்கையாளரும் பதிவு செய்யவில்லை, நாம்தான் பதிவு செய்ய வேண்டும்.

நெல்லைக்குத் திரும்புவோம். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, மெய்ஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், வெளிநாட்டு ஆளும் வேண்டாம், நாமே கொடுத்து நாமே நடத்துவோம் என்பது அடிப்படை. பனையேறிகளும் உபதேசிமாரும் போட்ட சில்லறையில் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், அதாவது நம்மவர்கள். 1912 டிசம்பரில் அசரியா டோர்னக்கல் பிஷப்பானார், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப். லண்டன் பெட்டியின் சாவி பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டது, பெரிய விஷயம். ஆனால் பாளையங்கோட்டைப் பெட்டியின் சாவி டோர்னக்கல் சேரிக்குப் போய்ச்சேர எத்தனை காலம் ஆனது என்றும் கேட்கத்தான் வேண்டும். கொடுப்பவர் மாறினால் பெறுபவரின் நிலை தானாக மாறிவிடாது.

இப்போது இந்தப் பேச்சின் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்காகக் காங்கிரஸ் ஒரு கோடி ரூபாய் திரட்டியது. நம்மவர்களும் அதில் காசு போட்டிருப்பார்கள். தீண்டாமை ஒழிப்பு பர்தோலித் திட்டத்தில் ஓர் அம்சம். அதைச் செய்ய 1922 ஜூனில் ஒரு குழு போட்டார்கள், தொடக்கமாக இரண்டு லட்சம் திரட்டலாம் என்றார்கள். குழுவில் இருந்த சுவாமி சிரத்தானந்தர் மனம் வெறுத்து விலகினார். அடுத்த ஆண்டு அந்த வேலையை இந்து மகாசபையிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவினார்கள். 1945இல் வந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' என்ற நூலில் அம்பேத்கர் இந்தக் கணக்கை வரி வரியாகப் பிரித்துப் போடுகிறார். ஏறக்குறைய நாற்பத்தொன்பதரை லட்சத்தில் தீண்டப்படாதோருக்குச் சென்றது 43,381 ரூபாய். நூற்றுக்குப் பதினான்கு அணா. ரூபாய்க்கு ஓர் அணாகூட இல்லை, நூறு ரூபாய்க்குப் பதினான்கு அணா.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். அம்பேத்கரைச் சட்ட மேதை என்று படிக்கிறோம். அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர், ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆய்வு எழுதியவர். ஓர் இயக்கத்தின் மனத்தை அறிய அதன் தீர்மானங்களைப் படிக்காதே, பட்ஜெட்டைப் படி என்கிற கண் அந்த நூல் முழுதும் இருக்கிறது.

பூனா ஒப்பந்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள், 1932 செப்டம்பர் 30இல், பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் உருவானது. பிறகு அரிஜன சேவக் சங்கம் என்று பெயர் மாறியது. கன்ஷியாம்தாஸ் பிர்லா தலைவர், தக்கர் பாபா செயலாளர். அந்த நவம்பரில் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சுருக்கமாக அவர் வாதம் இது. கழகத்தின் பணத்தைத் தனி மனிதர்களைத் திருத்துவதில் செலவிடாதீர்கள். கிணறு, பள்ளிக்கூடம், தெரு, வேலை ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டச் செலவிடுங்கள். ஊழியர்களில் எங்கள் மக்கள் இருக்க வேண்டும். கடிதத்துக்குப் பயன் இல்லை. அவர் அந்தக் குழுவிலிருந்து விலகினார்.

நிர்வாகக் குழுவில் எங்கள் ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் காந்தி சொன்ன பதில், நம் தலைப்பின் மையம். இந்தச் சங்கம் சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம். பாவம் செய்தவர்கள் அவர்கள், கடன்பட்டவர்கள் அவர்கள், ஆகவே கடனை அடைக்கும் பொறுப்பும் அவர்களுடையது. நீங்கள் கடன் கொடுத்தவர்கள். நீங்கள் ஆலோசனை சொல்லலாம், மேற்பார்வை பார்க்கலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்தக் கடைத்தெருவில் கடன்காரனே தன் கடன் எவ்வளவு என்று தானே எழுதி, எப்போது அடைப்பது என்று தானே தேதி குறித்து, வசூல் பெட்டியையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான்? கடன் கொடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து ஆலோசனை மட்டும் சொல்ல வேண்டுமாம். இந்த உவமையின் உள்ளேயே அதன் தோல்வி இருந்தது.

1933 நவம்பர் முதல் 1934 ஜூலை வரை காந்தி நாடு முழுதும் சுற்றி அரிஜன நிதி திரட்டினார். ஏறக்குறைய எட்டு லட்சம் சேர்ந்தது. 1934 ஜனவரி 24இல் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பேசினார். பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்கு வந்த தண்டனை என்று அவர் சொல்லி, தாகூர் மறுத்து எழுதிய சர்ச்சை இந்த மண்ணில் பேசிய பேச்சிலிருந்துதான் கிளம்பியது. பெண்கள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள், பண முடிப்புகள் வந்தன. அந்த நிதியில் பள்ளிகள் நடந்தன, விடுதிகள் நடந்தன, கிணறுகள் வெட்டினார்கள். அதில் படித்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு, அவர்கள் நன்றியோடு பேசும்போது நான் குறுக்கிடமாட்டேன். என் கேள்வி நன்றியைப் பற்றியது அல்ல. ஒரு கிணற்றுக்குப் பணம் ஒதுக்கலாம், ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனவன்மேல் போட்ட வழக்கை நடத்தவும் ஒதுக்கலாம். முதலாவது சாதி இந்துவின் மனத்தை நோகச் செய்யாது. இரண்டாவது செய்யும். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் நோகாத செலவைத்தான் தேர்ந்தெடுப்பார். தனிக் கிணறு கிடைத்தது, பொதுக் கிணறு அப்படியே இருந்தது.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1920இல் 'மூக்நாயக்' தொடங்கச் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணம் தீர்ந்தபின் ஏடும் சில ஆண்டுகளில் நின்றது. 1924இல் அமைத்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவும் பெரிய கையிருப்பு இல்லாமலே விடுதியும் படிப்பகமும் நடத்தியது. சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைச் சிறிய பள்ளியாகத் தொடங்கினார், அது தலைமுறைகளைப் படிக்கவைத்தது. இவற்றில் வறுமை இருந்தது, ஆனால் எதற்குச் செலவு செய்வது என்ற முடிவு நம் கையில் இருந்தது.

நம் காலத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். அறுநூறு போலீசார் அளவில் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்தவர்களின் பணத்தில் ஓரளவு தலைநிமிர்ந்த தேவேந்திரர் ஊர் அது. உள்ளே புகுந்தவர்கள் எதை அடித்தார்கள் என்று கவனியுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், தானியம். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கிழித்து எரித்தார்கள். குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள். ஒரு சமூகம் ஒரு தலைமுறையில் சேர்த்த இருப்புநிலைக் குறிப்பு முழுவதையும் யாரோ பட்டியல் போட்டு, ஒவ்வொரு வரியாக அழித்ததுபோல இருக்கிறது. சேமிப்பு என்பது நமக்கு வசதி இல்லை, ஆதிக்கத்தின் கண்ணை உறுத்துகிற பொருள். பாஸ்போர்ட் அடுத்த ஆண்டின் வருமானம், சான்றிதழ் பிள்ளையின் வருமானம். அதை எரித்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

அதன்பிறகு நடந்தவற்றுக்கும் பணம் வேண்டியிருந்தது. விசாரணைக் குழுவுக்குச் சாட்சிகளை அழைத்துப் போக வண்டி வாடகை, ஜாமீன், வக்கீல் வீட்டு நடை, வேலை இழந்த நாட்களுக்கு அரிசி. 1999 ஜூலையில் தாமிரபரணிக் கரையில் பதினேழு பேர் இறந்தபோதும் இப்படித்தான். இந்தச் செலவுக்கு எந்த அரசுத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது, பெரும்பாலான நன்கொடை நிறுவனங்களும் தரமாட்டா. சங்கத்தின் சொந்தக் காப்புநிதி ஒன்றுதான் தரும். நான் கையிருப்பு என்று இவ்வளவு நேரம் பேசுவது இதைத்தான்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், சலிப்பாக இருந்தாலும். சங்கங்கள் தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு இதை விட்டுவிடுகிற மன்றங்கள் எத்தனையோ. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை மிச்சம் வைக்கலாம். அதற்குமேல் சேர்க்க வேண்டுமானால் இன்ன நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்து ஐந்தாண்டுவரை வைத்திருக்கலாம். மூலநிதிக்கென்றே குறிப்பிட்டு வருகிற நன்கொடைக்குத் தனி வழி உண்டு, நன்கொடையாளர் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். சாதாரணமாக நடக்கிற மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது உறுப்பினர், மாதம் ஐம்பது ரூபாய், ஆண்டுக்கு 36,000. இதில் 15 சதவீதம் 5,400. ஓர் ஆளை ஜாமீனில் எடுக்கவே போதாது. இந்த அளவு மன்றத்துக்கு வரி வரம்பே எட்டாது என்பது வேறு. ஆனால் யாரிடமாவது நன்கொடை கேட்டுப் போனால் அவர்கள் முதலில் கேட்பது 12ஏ, 80ஜி.

வெளிநாட்டுப் பணத்துக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் அதைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றின் வழியாகக் கொஞ்சம் பணம் பெற்று மாலை நேர வகுப்பு நடத்திய சேரி மன்றங்கள்தான் அடிபட்டன. அந்தப் பணத்தை நம்பிச் சந்தா வசூலையே நிறுத்திவிட்டிருந்த மன்றங்கள் இரட்டை அடி வாங்கின. சந்தா என்பது வருமானம் மட்டும் இல்லை. மாதம் இருபது ரூபாய் கொடுத்தவன் செயற்குழுவில் எழுந்து நின்று, அந்த வண்டி வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்பான். வெளியிலிருந்து இருபதாயிரம் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் இங்கிருக்கிற மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரில் பழைய இளைஞர் மன்றமோ, அம்பேத்கர் மன்றமோ, இரவுப் பாடசாலையோ, சாவுச் செலவுக்கு வைத்திருந்த சங்கமோ இருந்திருக்கும். அதன் கணக்கு நோட்டு யாரோ ஒரு பெரியவர் வீட்டில், தகரப் பெட்டியில், ரேஷன் கார்டோடும் மனைப்பட்டாவோடும் கிடக்கும். போய்க் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வாங்க வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். முதல் பக்கத்திலிருந்து எடுங்கள், கையெழுத்துகளை விட்டுவிடாதீர்கள், கைநாட்டுகளை விட்டுவிடவே விடாதீர்கள். சந்தா எவ்வளவு, எந்த மாதங்களில் வரவு குறைகிறது, அது நடவுக்கு முன்பா அறுவடைக்கு முன்பா, மழைக்கு உப்பளம் நின்ற மாதமா, ஊரில் யார் வெளிநாடு போன பிறகு வரவு ஏறுகிறது, போலீஸ் ஸ்டேஷன் செலவு என்று எழுதியிருக்கிறதா, அல்லது அதை 'இதர செலவு' என்று மறைத்து எழுதியிருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு எந்தத் தேதியில் நின்றுபோகிறது, அன்றைய இருப்பு எவ்வளவு, அது யார் பொறுப்பில் இருந்ததாக எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் படங்களைக் கொண்டுவாருங்கள்.